அத்தையை மலையிலிருந்து இறக்கிய நாள்

போன வாரம் வேப்பம்பட்டில், நம் தெருக்கோடிப் பூங்காவில், உங்களில் ஒருவர் கைபேசியை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். எங்கோ ஒரு பனிமலை. கால் தவறி விழுந்த ஒருவனிடம் நான்கு பேர் கயிற்றில் இறங்கிப் போகிறார்கள். கழுத்துக்குப் பட்டை போடுகிறார்கள். அசையாமல் கட்டுகிறார்கள். ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போகிறது. பார்த்து முடித்ததும் அவர் பெருமூச்சு விட்டார். இப்போது கருவி எல்லாம் வந்துவிட்டது, நம் காலத்தில் கருவி இல்லாவிட்டாலும் மனசு இருந்தது, ஒருத்தனுக்கு அடிபட்டால் ஊரே ஓடி வரும் என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பிறகு போன் போட்டுக் கேட்டீர்கள். சர்க்கரை இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. ஊர் ஓடி வந்ததை நானும் பார்த்திருக்கிறேன். யாரைப் பார்த்து ஓடியது என்பதையும் பார்த்திருக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அழுதால் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்வீர்கள், விஷயம் போய்விடும். அதனால் எழுதித் தருகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்குப் பத்து வயது. தேர்வாய் கண்டிகைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளின் அடியில் எங்கள் சேரி. இன்று தொழிற்பேட்டை மதில்கள் நிற்கிற பக்கமெல்லாம் அன்று வெறும் மேய்ச்சல் நிலம். எங்கள் ஜனங்கள் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். மழை இல்லாமல் வயல் காய்ந்ததும் மலை ஏறிக் கல் உடைக்கப் போனார்கள். கல்கத்தா ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் அங்கிருந்துதான் ஜல்லி போனது.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகளும் மலையில்தான் இருப்போம். இன்றைக்கும் பட்டாசு வாடை அடித்தால் என் நாக்கில் கல்தூள் நறநறக்கிறது. ஜல்லி உடைக்கிற பெண்கள் விரல் நசுங்காமல் இருக்க சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டிக்கொள்வார்கள். வெயிலில் அந்த ரப்பர் இளகி நாறும். அம்மா பிசைந்து ஊட்டிய சோற்றில்கூட ரப்பர் நாற்றம் இருந்தது. அதையெல்லாம் இனிய நினைவு என்று என்னால் சொல்ல முடியாது.

அத்தை என் நைனாவின் ஒரே தங்கை. அவளுக்கு இருபது வயது. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் நைனாதான் அவளை வளர்த்தார். எனக்கு அக்கா மாதிரி இருந்தாள். புதுவாயல் கடையில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் சீப்பு ஒன்றை எப்போதும் கொண்டையில் செருகியிருப்பாள். மேஸ்திரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதை அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே நடந்து காட்டுவாள். பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்கள். பொன்னேரிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆடி கழிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

மேஸ்திரி காண்ட்ராக்டரின் மச்சான். காண்ட்ராக்டர் வெள்ளை வேட்டிக்காரர். தினமும் காலையில் ஜீப்பில் பாதி மலைவரை வந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜீப் போகும் அளவுக்குப் பாதை இருந்தது. லாரி வந்து நிற்கும் மேடும் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வண்டி எட்டாத இடம், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

அன்று காலை ஒன்பது மணி இருக்கும். முந்தின நாள் வெடி வைத்த சரிவின் கீழே விழுந்து கிடந்த கல்லைப் பொறுக்கச் சொன்னார் மேஸ்திரி. அத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல கல்லு வாயப் பொளந்துகினு கீது மேஸ்திரி. முட்டு குடுத்துட்டு எறங்கறோமே."

"லாரி நிக்குது. எறங்கு."

அவள் இறங்கினாள். சீக்கிரம் என்று கத்துவதற்காக மேஸ்திரி சரிவின் விளிம்புக்கே வந்து நின்றார். அந்த விளிம்புதான் பெயர்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டையைச் சரித்துக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தூசி அடங்கியபோது மேஸ்திரி ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டு கோணிப் போயிருந்தது. அத்தை பத்தடி தள்ளிக் குப்புறக் கிடந்தாள். ஒரு கல் அவள் முதுகில் பட்டுத் தாண்டி உருண்டு போயிருந்தது. அவள் சத்தமே போடவில்லை. அந்தச் சீப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, பிறகு யாரும் தேடவும் இல்லை.

ஊர் ஓடியது. மொத்த ஊரும் மேஸ்திரியை நோக்கி ஓடியது. ஒருவர் துண்டால் விசிறினார். ஒருவர் சோடா உடைத்தார். ஒருவர் அவர் செருப்பைத் தேடினார். ஓடியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. கத்துகிறவனுக்குத்தான் அடி அதிகம் என்று எல்லோரும் நம்பினார்கள். கத்துகிறவன் முதலாளியின் மச்சானாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அத்தையிடம் வந்தது நைனாவும் அம்மாவும் நானும்தான்.

அம்மா அவளைப் புரட்டிப் படுக்க வைத்தாள். நெற்றியில் சின்னக் கீறல், முழங்கையில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். கண் திறந்திருந்தது. ஒண்ணும் இல்லை, பயத்தில் மயக்கம் என்றாள் அம்மா. முகத்தில் தண்ணீர் தெளித்தாள். உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அத்தையின் வாய் மட்டும் கோணியது, சத்தம் வரவில்லை. அம்மா மறுபடி படுக்க வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

மேஸ்திரியை நான்கு பேர் பிடித்து ஜீப்பின் பின் சீட்டில் நீட்டிப் படுக்க வைத்தார்கள். மணிக்கட்டு உடைந்தவருக்கு முழு சீட்டு. நைனா ஓடிப்போய் ஜீப்பின் முன்னால் நின்று கும்பிட்டார். தங்கச்சியை ஓர் ஓரமாக, காலடியில் போட்டாவது கொண்டுபோகச் சொன்னார். காண்ட்ராக்டர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரே வண்டியில் அவரையும் உங்களையும் எப்படிப் போடுவது, ஜீப் இறக்கிவிட்டுத் திரும்பி வரும், அதுவரைக்கும் நிழலில் வை என்றார். அவரையும் உங்களையும் என்று சொன்னது அடிபட்ட இரண்டு பேரை அல்ல. பத்து வயதிலேயே எனக்கு அது விளங்கியது.

ஜீப் போனது. நாங்கள் காத்திருந்தோம்.

காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்த மரத்தடியைத் தவிர அங்கே நிழல் என்று ஒன்றும் இல்லை. அம்மா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லெல்லாம் கொதித்தது. அத்தை இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். இடுப்பில் என்னமோ சூடாக இருக்கிறது என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கால்ல எறும்பு கடிக்குதுடி. தட்டிவுடு."

நான் குனிந்து பார்த்தேன். சிவப்பு எறும்புகள் விரல் இடுக்கில் ஏறிக்கொண்டிருந்தன. தட்டிவிட்டேன். கூசியதோ என்னவோ, காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

பதினொன்று ஆனது. பன்னிரண்டும் ஆனது. ஜீப் வரவில்லை. லாரி மேட்டில் வேலை நிற்கவே இல்லை. லாரிக்கும் தரைக்கும் நடுவே அகலமான பலகைகளைச் சாய்த்து, அதன்மேல் ஆண்கள் கூடையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நைனா மறுபடியும் காண்ட்ராக்டரிடம் போனார். நானும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு பலக குடுங்க சாமி. அதுல படுக்க வெச்சி நாங்களே தூக்கினு எறங்கிடறோம். சாயந்தரம் கொண்டாந்து போட்டுடறேன்."

"லோடு ஏத்தற பலகய்யா அது. ரெண்டு லாரி காத்துகினு கீது. ரத்தம் கித்தம் பட்டா அப்பறம் எவன் அதுல கால் வெப்பான்?"

அங்கே ஏழெட்டுப் பலகைகள் கிடந்தன. இரண்டு பலகைமேல்தான் ஆள் நடந்தது. மிச்சம் சும்மா வெயிலில் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நைனா திரும்பி வந்து மூங்கில் கழி ஒன்று தேடினார். அம்மா கொடுத்த பழைய சேலையை இரண்டு பக்கமும் கழியில் முடிந்து தூளியாக்கினார். இப்போது போகிறவன் நாளைக்கு வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லியும் மூன்று பேர் கூடையைப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களையும் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதியவள் ஆவேன். அத்தையை அந்தச் சேலைக்குள் தூக்கி வைத்தார்கள். அவள் வில்லாக வளைந்தாள். தலையும் காலும் மேலே, இடுப்பு கீழே. நைனா கழியின் முன்முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

குறுக்குப் பாதையில் இறங்கினால் சீக்கிரம் போகலாம் என்று அந்த வழியாகவே போனார்கள். அதில் படி மாதிரி ஒரு பாறை இருக்கிறது, குதித்துத்தான் இறங்க வேண்டும். நைனா குதித்தார். தூளி ஒரு குலுக்குக் குலுங்கியது. அப்போதுதான் அத்தை அன்று முதல் தடவையாகக் கத்தினாள். ஒரே ஒரு கத்தல். அதற்குப் பிறகு அமைதியாகிவிட்டாள். வலி விட்டுவிட்டது போலிருக்கிறது என்று தூக்கியவர்களில் ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

கீழே ஊரில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், அன்று அவர் வரும் நாள் இல்லை. கம்பவுண்டர் மட்டும் இருந்தார். வாசலில் மரத்தடியில் அந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பின் சீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். மேஸ்திரி குடித்த சோடாவை வாந்தி எடுத்துவிட்டாராம். ஏன் திரும்பி வரவில்லை என்று நைனா கேட்டார். மேஸ்திரியின் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிவரப் போனேன், அப்புறம் அவர்களுக்கு நாஷ்டா வாங்கி வந்தேன் என்று அவன் கணக்காகச் சொன்னான். எங்களுக்காக மலையேறும்படி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் கழுவுவதை நிறுத்தவில்லை.

உள்ளே ஒரே ஒரு கட்டில். அதில் மேஸ்திரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். அவர் மீசையில் சட்னி ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முகங்களை மறந்துவிட்டேன். அந்த மீசையும் சட்னியும் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அத்தையை வெளியே சிமெண்டுத் தரையில் இறக்கச் சொன்னார் கம்பவுண்டர். இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு பார்த்தார். ஒரு குச்சியால் அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் நகர்த்தினார். நாய்க்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள். போலீஸ் கேஸாகுமா, காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு பஞ்சை டிஞ்சரில் நனைத்து அம்மாவிடம் எறிந்து, நெற்றிக் கீறலில் தடவச் சொன்னார். அன்று அவளுக்குக் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான்.

அங்கே யாரோ தித்திப்பு மருந்தைச் சிந்தியிருந்தார்கள். தரையெல்லாம் எறும்பு. அத்தையின் காலில் சாரைசாரையாக ஏறின. அவள் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எறும்பு," என்றேன்.

"எங்கடி?" என்றாள்.

நான் தட்டிவிட்டேன். அவள் காலை இழுக்கவில்லை. பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனது எங்கள் மலையிலிருந்தே இறங்கி வந்த ஜல்லி லாரி. தெலுங்குக்கார டிரைவர், முன்பின் தெரியாதவர். தரையில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு அவராகவே வண்டியை நிறுத்தினார். ஜல்லியின் மேல் வைக்கோல் பரப்பி, அதன்மேல் படுக்க வைத்து, புதுவாயல் வழியாக ஓட்டிக்கொண்டு போனார். காலையிலிருந்து பலகைமேல் ஏற்றின அதே கல்லின்மேல் அவள் போனாள்.

அங்கே ஒரு இளம் லேடி டாக்டர் பார்த்தாராம். எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாராம். மலையிலிருந்து தூளி கட்டி நான்தான் சுமந்து வந்தேன் என்று நைனா சொன்னாராம். அந்தம்மா நைனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுத ஆரம்பித்தாராம். டாக்டரம்மாவுக்கே பேச்சு வரவில்லை என்று நைனா அதைப் பெருமையாகச் சொல்லுவார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து அத்தை வீட்டுக்கு வந்தாள். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. பொன்னேரிக்காரர்கள் ஆள் அனுப்பிக்கூட விசாரிக்கவில்லை. மேஸ்திரி ஆறு வாரத்திலேயே மலையேறிவிட்டார், அதே கையை நீட்டி அதட்டினார். காண்ட்ராக்டர் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு நூல் சேலையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். கவனக்குறைவாகத் தானே விழுந்ததாக ஒரு காகிதம் எழுதி வந்திருந்தார். அத்தையின் கட்டை விரலில் மை தடவி அதில் உருட்ட வைத்தது நைனா. மலையில் வேலை வேண்டுமே. பழத்தை அம்மா எருமைக்குப் போட்டாள்.

துண்டை வைத்தவரைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்ல வேண்டும். அத்தைக்கு முதுகில் படுக்கைப்புண் வந்தது. ஒரு ரூபாய்க் காசளவில் ஆரம்பித்து உள்ளங்கை அகலம் ஆனது. குடிசை முழுக்க அழுகல் வாடை. ஈயை விரட்டுவது என் வேலை. நான் வாயால் மூச்சு விடுவேன். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்விடுவேன். ஒரு நாள் அவள், இங்கேயே உட்கார்ந்து தின்னேன், பேச்சுத் துணையாக இருக்கும் என்றாள். பசியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பிறகு அவள் கேட்கவே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தன. நான் ஒன்றில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். ஒரு நாள் எங்களை வரிசையாக உட்கார வைத்து முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு பையனைத் தரையில் படுக்க வைத்தார். உயரத்திலிருந்து விழுந்தவனை, முதுகில் அடிபட்டவனை உட்கார வைக்காதே, புரட்டாதே, துணியில் தூக்காதே என்றார். துணியில் தூக்கினால் முதுகு வளையும், அதுவரை நன்றாக இருந்த நரம்பும் அறுந்துபோகும். பலகை ஒன்று போதும், கதவைக் கழற்றினாலும் போதும் என்றார்.

நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சியா என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. சும்மா கிடந்த பலகைகள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எறும்பு கடித்ததும் காலை இழுத்தாளே, அதுவரை அந்தக் கால் இருந்தது. மலையும் கல்லும் அவளை முடமாக்கவில்லை.

பஸ் பிடித்து நேரே வீட்டுக்குப் போனேன். நைனா ஆடு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அத்தை கயிற்றுக் கட்டிலில் இருந்தாள், முப்பத்து மூன்று வயதுக்கு ஐம்பது மதிக்கலாம். வகுப்பில் கேட்டதைச் சொல்ல வாய் எடுத்தேன். முழுதாகச் சொல்ல வரவில்லை. அந்தத் தூளி, என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்டி," என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"படிப்பாற கிட்ட குதிச்சப்பவே சுருக்குனுச்சி. அப்பறம் காலே இல்ல. கத்தினேன் பாரு, அதான்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல அத்த?"

"யாராண்ட சொல்றது? முன்னாடி எங்கண்ணன் அழுதுகினே நடந்து போவுது. அவரு கழிய எறக்கவே இல்ல, தோள் மாத்திக்கவே இல்ல. அவராண்டயா சொல்லச் சொல்ற?" போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீயும் சொல்லாத. சொன்னியோ, அந்தாளு இன்னிக்கே செத்துடுவாரு."

அதற்கடுத்த மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, நான்கே நாளில். அப்போது நான் கூடவே இருந்தேன், மூக்கை மூடவில்லை. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

நைனா அவளுக்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தங்கையைச் சுமந்து வந்த கதையைச் சொன்னார். என் பிள்ளைகளுக்குச் சொன்னார். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊசி போட வந்த நர்சுக்கும் சொன்னார். நல்ல காரியம் பண்ணீங்க தாத்தா என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நைனா என் பக்கம் திரும்பினார். அந்தக் கதைக்கு அவர் என்னிடம் ஒரு நாளும் சாட்சி கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"நாந்தானம்மா அவளக் காப்பாத்துனேன்? நீயுந்தான் கூட இருந்தியே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் சந்தேகம் இருந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ, எனக்குத் தெரியாது.

"ஆமா நைனா," என்றேன். "நீதான் காப்பாத்துன."